உப்பு: எது, எவ்வளவு?

சென்னையிலிருந்து புறப்பட்டுப் புதுடில்லிக்கு வந்து சேரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்தோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலிருந்தோ இறங்குகின்றவர்களுடைய மூட்டை முடிச்சுகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். நம்மவர் ஊரை விட்டு வந்தாலும் ஊர்ச் சமையலறையை விட்டு வருவதில்லை. அப்பளக் கட்டு, வடகம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், மாவடு ஜாடி ஆகிய இவற்றினிடையே ஒரு துணிப்பையில் கல் உப்பும் இருப்பதுண்டு. டில்லியிலே உப்புக்கா பஞ்சம் என்று கேட்டால், “இங்கே விற்கிற பொடி உப்பு கைக்குப் பிடிபடவில்லை, கொஞ்சம் கூடினாலும் கரித்துவிடுகிறது, அதிலே ஏதோ மருந்து வேறு கலக்கிறார்களாமே!” என்பார்கள் ஊரிலிருந்து வந்த அன்னையர். பம்பாயின் மாதுங்காவிலும், கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் இதே விடையைத்தான் நேயர்கள் கேட்டிருப்பார்கள்.

மகளுடைய பேறுகாலத்தை முன்னிட்டு வருகின்ற தாயின் பையில் இந்த உப்பு இருப்பது மிகவும் இயல்பு. தன் கையால் சமைத்து மகளுக்குப் போட வேண்டும், அதுவும் பழகிய சுவையில் போட வேண்டும் என்பது அவருடைய ஆவல். அதே வீட்டில் சம்பந்தியாகிய பெரியவர் ஒருவர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொண்டு வருவார். “உப்பைக் குறையுங்கள்” என்று மருத்துவர் அவரிடம் பன்முறை கூறியிருப்பார். மகளிடமோ, “அயோடின் கலந்த உப்பையே உண்ண வேண்டும்” என்று பேறுகால மருத்துவர் வற்புறுத்தியிருப்பார். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. ஆனால் உப்பைப் பற்றி இரண்டு கட்டளைகள். ஒன்று குறைக்கச் சொல்கிறது, மற்றொன்று உண்ணச் சொல்கிறது. இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன அல்லவா என்ற ஐயம் எழுவதில் வியப்பில்லை.

உண்மையில் முரண்பாடு ஏதும் இல்லை. முதற் கட்டளை உப்பின் அளவைப் பற்றியது. இரண்டாவது உப்பின் வகையைப் பற்றியது. உப்பைக் குறைவாக உண்ண வேண்டும். உண்ணுகின்ற அந்தச் சிறிய அளவு அயோடின் சேர்த்த உப்பாகவே இருக்க வேண்டும். இவ்வளவுதான் விடை. எனினும், காரணம் விளங்காத விடையை எந்தச் சமையலறையும் நெடுநாள் மதிப்பதில்லை. ஆகவே, காரணங்களைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப் பூச்சி சிறகு விரித்தாற்போல் தைராய்டு என்னும் சுரப்பி அமைந்திருக்கின்றது. உடலின் வெப்பம், வளர்ச்சி, இதயத்தின் துடிப்பு, மூளையின் உருவாக்கம் ஆகியவற்றை நெறிப்படுத்தும் சுரப்பு நீரை இது உண்டாக்குகின்றது. அந்தச் சுரப்பு நீருக்கு இன்றியமையாத பொருள் அயோடின். வளர்ந்தவர் ஒருவருக்கு நாள்தோறும் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறு செய்து, அவற்றுள் 150 கூறுகளை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ அவ்வளவு! எழுபது ஆண்டு வாழ்கின்ற ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் வேண்டிய அயோடின் ஏறத்தாழ நான்கு கிராம்தான். ஒரு தேக்கரண்டியைக்கூட அது நிரப்பாது. ஆனால், இதனை ஒரே நாளில் விழுங்கிச் சேமித்து வைக்க இயலாது. உடல் நெடுங்காலம் தேக்கி வைக்காத பொருள் ஆதலின், சிறிது சிறிதாக அன்றாடம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அயோடின் மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து மனிதருக்கும் கால்நடைகளுக்கும் வருகின்றது. பனியாறுகளும் பெருமழையும் வெள்ளமும் பல்லாயிரம் ஆண்டுகளாக மலைச் சரிவுகளைக் கழுவிக் கழுவி, அங்குள்ள அயோடினைக் கடலில் கொண்டு சேர்த்துவிட்டன. எனவேதான் இமயத்தின் அடிவாரம் நெடுகிலும், கங்கைச் சமவெளியின் பல பகுதிகளிலும் மண்ணில் அயோடின் மிகக் குறைவு. உண்ணும் கோதுமையிலும் கீரையிலும் அது குறைந்தால், தைராய்டு சுரப்பி கிடைக்கும் சிறிதளவையும் பற்றிப் பிடிக்கும் முயற்சியில் தானே பருக்கின்றது. அதுவே முன்கழுத்துக் கழலை. வடநாட்டு மக்கள் அதனைக் ‘கேங்கா’ என்பர். அடிவாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் இது ஒரு காலத்தில் நோயாகவே கருதப்படாமல், கழுத்தென்றால் இப்படித்தான் இருக்கும் என்ற அளவுக்குப் பரவியிருந்தது.

இந்த ஆராய்ச்சியின் கதையில் நம் நீலகிரிக்கும் ஒரு பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமேற்கு எல்லையிலுள்ள கில்கித் என்னும் இடத்தில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் இக்கழலையை ஆராய்ந்தார். ஒரே நீரோடையை அடுத்தடுத்துப் பயன்படுத்திய ஊர்களில், ஓடையின் கீழ்ப் பகுதிக்குச் செல்லச் செல்லக் கழலை மிகுதியாக இருப்பதைக் கண்டு, நீரின் மாசே காரணம் என்று அவர் கருதினார். அது முழு விடை அன்று என்பதை இன்று அறிவோம். ஆயினும், அவரே பின்னர்க் குன்னூரில் 1918இல் ஊட்ட உணவு ஆராய்ச்சிப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்த ஆராய்ச்சிக் கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று இன்று வழங்குவது அதுவேயாகும். குன்னூரில் நோய்க்குறியியல் அறிஞராகப் பணிபுரிந்தவர்களுள் ஒருவர் வி. ராமலிங்கசுவாமி. ஆந்திர நாட்டில் பிறந்த இவர், பிற்காலத்தில் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக விளங்கியவர்.

ராமலிங்கசுவாமியும் அவருடன் உழைத்த அறிஞர்களும் 1950களின் நடுவில் காங்க்ரா பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தனர். இன்று இமாசலப் பிரதேசத்தில் அடங்கியுள்ள அப்பகுதி, அந்நாளில் பஞ்சாபைச் சேர்ந்திருந்தது. ஏறத்தாழ இலட்சம் மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஒரு மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு. மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டு சேர்த்த உப்பு. நடுவிலிருந்த மண்டலத்துக்கு எதுவும் சேர்க்காத உப்பு. தொடக்கத்தில் மூன்று மண்டலங்களிலும் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவுக்குக் கழலை காணப்பட்டது. 1962இல் மீண்டும் கணக்கெடுத்தபோது, அயோடின் உப்பைப் பெற்ற இரு மண்டலங்களிலும் அத்தொகை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வெறும் உப்பை உண்ட மண்டலத்தில் நிலைமை அப்படியே இருந்தது. அதன் பின்னர் அந்த நடு மண்டலத்துக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கும் கழலை குறைந்தது. ஆறாண்டு காலம் அவர்கள் காத்திருக்க நேர்ந்ததே என்ற வருத்தம் இன்று படிக்கும்போது நமக்கு எழாமல் இல்லை. எனினும், வேறெந்த வகையிலும் இத்துணைத் தெளிவான சான்று கிடைத்திராது.

சுவிட்ஸர்லாந்தில் 1922ஆம் ஆண்டு முதலே உப்பில் அயோடின் சேர்த்து வந்தார்கள். அவர்களுடைய உப்பு உலர்ந்தது, தூய்மையானது. அதில் அயோடைடு நிலைத்து நின்றது. நம் நாட்டு உப்போ ஈரம் கசிவது. கோணியில் கட்டி, மழையிலும் வெயிலிலும் பயணம் செய்வது. அத்தகைய உப்பில் அயோடேட்டுதான் சிதையாமல் நிற்கும். ஆகவே, நம் நாட்டில் அயோடேட்டையே சேர்க்கிறார்கள். ‘ஏதோ மருந்து’ என்று நம் அன்னையர் குறிப்பிடுவது இதனைத்தான். விற்பனை நிலையத்தில் ஒரு கிலோ உப்பில் குறைந்த அளவு 15 மில்லிகிராமும், உற்பத்தியாகும் இடத்தில் குறைந்த அளவு 30 மில்லிகிராமும் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது விதி. உப்பின் நிறமோ மணமோ சுவையோ இதனால் மாறுவதில்லை.

கழலை கண்ணுக்குத் தெரியும் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்கு அதனினும் பெரியது. கருவிலிருக்கும் சிசுவின் மூளை, முதல் சில மாதங்களில் தாயின் தைராய்டுச் சுரப்பையே முற்றிலும் நம்பி வளர்கின்றது. அக்காலத்தில் தாய்க்கு அயோடின் பெரிதும் குறைந்துபோனால், பிறக்கும் குழந்தை காது கேளாமலோ பேச்சு வராமலோ அறிவு வளர்ச்சி குன்றியோ இருக்கக்கூடும். சிறிதளவே குறைந்திருந்தால் குழந்தை பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனால், அது அடைந்திருக்கக்கூடிய அறிவுத் திறனில் ஒரு பங்கு ஓசையின்றிக் கழிந்துபோகும். 1980களில் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவ்ரியா முதலிய மாவட்டங்களில் பிறந்த சிசுக்களின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்த டில்லி மருத்துவ அறிஞர்கள், தைராய்டுக் குறைவோடு பிறந்த குழந்தைகள் அங்கு மிகப் பலர் என்பதைக் கண்டனர். மலையில் மட்டுமன்றிச் சமவெளியிலும் இக்குறை உண்டு என்பது அதனால் ஐயமற விளங்கிற்று. பிற்கால ஆய்வுகளின்படி, இக்குறை அறவே இல்லாத மாநிலம் என்று நம் நாட்டில் எதனையும் சுட்டிக் காட்டுவதற்கில்லை.

இந்த இடத்தில், “எங்கள் உப்பு கடல் உப்பாயிற்றே, கடலில்தானே அயோடின் எல்லாம் போய்ச் சேர்ந்தது என்றீர்கள்?” என்று தூத்துக்குடி, வேதாரணியம் பக்கத்து நேயர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கடல்நீரில் அயோடின் உள்ளது. கடல்மீனிலும் கடற்பாசியிலும் அது சேர்ந்திருக்கின்றது. ஆனால், உப்பளத்தின் பாத்திகளில் கடல்நீர் வெயிலில் காய்ந்து உப்பாக விளையும்போது, அயோடின் அந்த உப்பில் தங்குவது மிகமிகச் சொற்பம். எனவே, சேர்க்கப்படாத கல் உப்பு எவ்வளவு வெண்மையாக இருப்பினும், நம் தேவைக்கு அது போதாது. நெய்தல் நிலத்து மக்களைக் காத்து வந்தது அவர்களுடைய உப்பு அன்று. அவர்கள் உண்ட மீன்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இந்த உண்மை சற்று அதிகமாகவே பொருந்தும். கடற்கரையூரில் வாரத்தில் பல நாட்கள் மீன் உண்டு வளர்ந்தவர், லக்னோவிலோ டேராடூனிலோ குடியேறிய பின் மாதத்தில் ஒரு நாள் கடல்மீன் காண்பதும் அரிது. அவர் உண்ணும் காய்கறி அடிவாரத்து மண்ணில் விளைந்தது. இந்நிலையில் ஊரிலிருந்து வரும் பையிலும் அயோடின் இல்லாத உப்பே இருக்குமானால், இரு வழியும் அடைபட்டுவிடுகின்றன.

நாட்டளவில் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கிற்று. முதலில் மலைப் பகுதிகளுக்கு மட்டுமே அயோடின் உப்பு அனுப்பப்பட்டது. இராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரி உப்பு அதில் முக்கிய இடம் பெற்றது. (பெயரைக் கேட்டு நம்மவர் புன்னகை புரிவதுண்டு, நம் சாம்பாருக்கும் அந்த ஏரிக்கும் உறவு ஏதும் இல்லை.) 1980களில் நாடு முழுவதற்கும் இது வேண்டும் என்று முடிவாயிற்று. அயோடின் சேர்க்காத உப்பை மக்கள் உணவுக்காக விற்பதற்கு மைய அரசு 1998இல் தடை விதித்தது. 2000இல் அதனை விலக்கிக்கொண்டது. 2006இல் மீண்டும் கொண்டுவந்தது. உப்பு என்றாலே 1930ஆம் ஆண்டையும், தண்டியையும், இராஜாஜி தலைமையில் வேதாரணியத்துக்குச் சென்ற தொண்டர்களையும் நினைக்கின்ற நாடு இது. உப்பை வாங்கவும் விற்கவும் அரசு விதி செய்வதா என்ற எதிர்ப்பும், சிறிய உப்பளக்காரர் நலிவாரே என்ற கவலையும் எழுந்தன. அக்கவலை பொருளற்றது என்று நாம் கூற மாட்டோம். அன்றைய விதி செல்லாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் அத்தடை இடம்பெற்றுவிட்டது. சட்டம் இப்படியிருக்க, உப்பளத்து ஓரத்திலும் சந்தையிலும் படி கணக்கில் அளந்து தரும் உப்பு, அயோடின் சேர்க்காததாகவே இருப்பதுண்டு. அதுவே நம் பைக்குள் ஏறி வருவது.

இனி, அளவைப் பற்றிப் பார்ப்போம்.

உப்பு என்பது சோடியமும் குளோரினும் கூடிய பொருள். சோடியம் உடலுக்கு வேண்டியதே. அது அளவுக்கு மிஞ்சும்போது, அதனைக் கரைத்து வைத்துக்கொள்ள உடல் நீரையும் மிகுதியாகத் தேக்குகின்றது. குழாயில் நீர் மிகுந்தால் அழுத்தம் ஏறுவது போல, இரத்தக் குழாய்களிலும் அழுத்தம் ஏறுகின்றது. அன்றியும், நாளடைவில் அக்குழாய்களின் சுவர்கள் நெகிழ்ச்சி குன்றி இறுகுகின்றன. இரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற எல்லையைத் தொடர்ந்து தாண்டி நின்றால், அதனை நோயாகவே மருத்துவர் கொள்வர். இதன் கொடுமை யாதெனில், நெடுங்காலம் எவ்வித வலியும் இல்லாமல் இருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கேடாகவோ வெளிப்படுவதுதான். “எனக்குத் தலைசுற்றல் இல்லை, ஆகவே அழுத்தமும் இல்லை” என்று கூறுபவர்கள் கையில் பட்டை கட்டி அளந்து பார்த்தவர்கள் அல்லர்.

உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. நம் வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு கிலோ உப்புப் பொட்டலமும் ஒரு நாட்காட்டியும் போதும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 கிராம் எனக் கொண்டால், ஒரு பொட்டலம் ஐம்பது நாட்கள் வர வேண்டும். பொட்டலத்தைப் பிரித்த நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். முப்பது நாட்களில் அது தீர்ந்துவிட்டால், எல்லையை வெகுதூரம் கடந்திருக்கிறோம் என்று பொருள். இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு: கடையிலிருந்து உப்பேறி வரும் பண்டங்கள் இதில் அடங்கவில்லை.

அந்தப் பண்டங்களைப் பற்றிச் சற்று விரித்துப் பேச வேண்டியிருக்கின்றது. ஏனெனில், ஊர் நினைவு மிகுந்த இல்லங்களில்தான் அவை மிகுதி. ஊறுகாய், மாவடு, மோர் மிளகாய், வற்றல், கருவாடு இவை எல்லாமே உப்பினால் கெடாமல் நிற்பவை. ஊரில் இவை தொட்டுக்கொள்ளும் பொருள்கள். வெளியூரிலோ, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் அவசரத்தில், தயிர்சோறும் ஊறுகாயுமே இரவு உணவாக முடிந்துவிடுகிறது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கின்றது; சமையல் சோடாவைப் போல அதுவும் சோடியம் உள்ள பொருளே. நாவுக்குக் கரிக்காவிட்டாலும் உடல் அதனைக் கணக்கில் எழுதிக்கொள்ளும். நம்முடைய இந்தப் பழக்கத்தோடு வடநாட்டுப் பழக்கமும் வந்து சேர்ந்துகொள்கிறது. மாலைத் தேநீருடன் ‘நம்கீன்’, தெருமுனையில் ‘சாட்’, அதன் மேல் தூவிய காலா நமக், காலையில் ரொட்டித் துண்டு, பிள்ளைகளுக்கு நொடியில் வேகும் நூடுல்ஸ். இரு நாட்டு உப்பும் ஓர் உடலில் கூடுகின்றன. கடைப் பொட்டலங்களின் பின்புறத்தில் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 2,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. ஒரு நாளைய பங்கு அதிலேயே தீர்ந்தது.

இலையின் ஓரத்தில் உப்பு வைப்பது நம் மரபு. அந்த மரபை நாம் குறை கூறவில்லை. ஆனால், வைத்த உப்பை எடுத்துப் பிசைந்துகொள்ள வேண்டும் என்பது மரபில் இல்லையே! நாவின் பழக்கத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டுவதில்லை. சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால், சில வாரங்களில் நாக்கு அந்த அளவுக்கு இணங்கிவிடும். புளியும் எலுமிச்சையும் மிளகும் சீரகமும் கொத்தமல்லியும் உள்ள சமையல் நம்முடையது. உப்பின் குறையை மறைக்க இத்தனைத் துணைகள் வேறெந்தச் சமையலுக்கும் எளிதில் வாய்க்கா.

ஒருவர் இப்படிக் கணக்கிடலாம்: உப்பைப் பாதியாகக் குறைத்தால், அதன் வழியே வரும் அயோடினும் பாதியாகிவிடுமே? உண்மைதான். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் 5 கிராம் உண்டால் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். தேவை சரியாக நிறைவேறுகிறது. 15 மில்லிகிராமே உள்ள உப்பானால் 75தான் கிடைக்கும். சமைக்கும்போது அதிலும் ஒரு பங்கு போகும். எஞ்சியதைப் பாலும் தயிரும் முட்டையும் மீனும் தர வேண்டும். ஆகவேதான், உப்பைக் குறைக்கின்றவர்கள் உப்பின் தரத்தில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும் என்கிறோம். பத்துக் கிராம் உப்பை உண்பவருக்குத் தரம் குறைந்த உப்பிலிருந்தும் போதிய அயோடின் வந்துவிடலாம்; நான்கு கிராம் உண்பவருக்கு அவ்வாறு வராது. அயோடினுக்காக உப்பைக் கூட்டிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது.

அந்தத் தரத்தைக் காப்பது பெரும்பாலும் சமையலறையின் பொறுப்பு. பொட்டலத்தில் ‘அயோடின் கலந்தது’ என்ற சொல்லையும், பல பொட்டலங்களில் காணப்படும் சிரிக்கும் சூரியன் முத்திரையையும், தயாரித்த நாளையும் பாருங்கள். ஓராண்டுக்கு வேண்டியதை ஒருசேர வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். அடுப்பின் அருகே திறந்த மரவையில் உப்பை வைப்பது கைக்கு எளிது. ஆனால், வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் அயோடினைப் போக்குவன. இறுக மூடும் ஜாடியே நல்லது. பருப்பு வேகும்போதே உப்பைப் போட்டு நெடுநேரம் கொதிக்க விடுவதைக் காட்டிலும், இறக்கும் தறுவாயில் போடுவது சிறந்தது. உப்பைக் கழுவியோ நீரில் கரைத்துத் தெளியவைத்து ஊற்றியோ பயன்படுத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அயோடின் உப்பை அவ்வாறு கழுவினால், மேலே படிந்திருக்கும் அயோடேட்டு நீரோடு போய்விடும். கல் உப்புதான் கைக்குப் பிடிபடும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கின்றது: அயோடின் சேர்த்த கல் உப்பும் பொட்டலங்களில் விற்கிறார்கள். கைக்கணக்கையும் விட வேண்டாம், அயோடினையும் விட வேண்டாம்.

இப்பொழுது நகரத்து அங்காடிகளில் இளஞ்சிவப்பு நிறத்து உப்பொன்று நல்ல விலைக்கு விற்கின்றது. வடநாட்டார் விரத நாட்களில் பயன்படுத்தும் ‘சேந்தா நமக்’ இதுவே. நாம் இந்துப்பு என்போம். பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில் கேவ்ரா என்னுமிடத்து மலைச் சுரங்கத்தில் இது பெருமளவில் வெட்டப்படுகின்றது. இதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை சாதாரண உப்புக்கும் இதற்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. அயோடின் சேர்த்தாலன்றி இதில் போதிய அயோடினும் இல்லை. விரத நாளுக்குச் சரி. அன்றாடச் சமையலுக்கு இதனை நம்பினால் காசும் போய் அயோடினும் போகும்.

சோடியம் குறைந்த உப்பு என்று மற்றொன்று வந்திருக்கின்றது. சோடியம் குளோரைடின் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்ப்பது இதன் முறை. சீன நாட்டில் 600 சிற்றூர்களில் நடந்து, 2021இல் வெளியான பெரியதோர் ஆய்வில், முன்பே பக்கவாதம் கண்டவர்களும் இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேர் இடம்பெற்றனர். இத்தகைய உப்பை உண்டவர்களுக்குப் பக்கவாதம் ஏழில் ஒரு பங்கு குறைந்தது. மெய்யாகவே நன்மை உள்ள பொருள்தான். ஆயினும், சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி, இதயத்துக்கே ஆபத்தை விளைவிக்கும்; இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டுவன. ஆகவே, மருத்துவரைக் கேளாமல் இதனை வாங்கலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டியும் சிறுநீரக நோயாளர், கருவுற்றோர், குழந்தைகள் ஆகியோரை இப்பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்திருக்கின்றது.

டில்லியின் ‘லூ’ காற்றில் வியர்த்துக் கொட்டுவதால் உப்பை மிகுத்து உண்ண வேண்டும் என்று எண்ணுபவர் உளர். வெயிலுக்குப் பழகப் பழக, வியர்வையில் உப்பு வீணாவதை உடல் தானே குறைத்துக்கொள்ளும். வெயிலில் நாள் முழுதும் சுமை தூக்குவோர், சாலையில் உழைப்போர் ஆகியோரின் நிலை வேறு. அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவருக்கு நீர் மோர் வேண்டும். மோரில் கூடுதல் உப்பு வேண்டா.

கருவுற்ற மகளைப் பற்றியும் ஒரு சொல். கால் வீங்குகிறது என்று உப்பையே அறவே விலக்கிவிடும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கின்றது. இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் வீட்டாரே அவ்வாறு முடிவு செய்தல் சரியன்று. மருத்துவர் அளந்து பார்க்கட்டும்; உப்பு அளவோடு, ஆனால் அயோடினோடு, இலையில் இருக்கட்டும். பிறந்த குழந்தைக்கு வேண்டிய அயோடின் தாய்ப்பாலின் வழியே கிடைத்துவிடும். அதற்காகத் தாய் தன் உணவில் அயோடின் உப்பைத் தொடர வேண்டும். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பும் வரை அதன் பருப்புச் சோற்றில் உப்பே சேர்க்க வேண்டுவதில்லை. நமக்குச் சப்பென்றிருப்பது அதற்குச் சப்பென்றிராது. முன்பே தைராய்டுக் குறைவுக்கு மாத்திரை உண்கிறவர்கள், அயோடின் உப்பு இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உப்பு குறையை வராமல் தடுப்பது. வந்த நோய்க்கு அது மாற்று அன்று.

ஊரிலிருந்து வந்த அந்தத் துணிப்பை இன்னும் சமையலறை மூலையில் இருக்கின்றது. கொண்டுவந்தவருடைய மனம் நோகாமல் அதனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். டில்லியில் மார்கழிக் குளிர் வரும், தொண்டை கட்டும். வெந்நீரில் ஒரு பிடி இட்டுக் கொப்பளிக்க அதுவே போதும். அலைந்து களைத்த கால்களை மாலையில் ஊறவைக்கலாம். பிறகு, பேறு முடிந்து மகளும் குழந்தையும் வீடு திரும்பும் நாளில், பாட்டியாரே அந்தக் கல் உப்பில் ஒரு கை அள்ளித் திருஷ்டி சுற்றிப் போடுவார். அதற்கு அயோடின் தேவையில்லை.